புது லேத் ஓடாத மூன்று வாரங்கள்

செகந்தராபாத்தை ஒட்டிய மல்லாபூரில் இருந்த ஒரு பம்ப் தொழிற்சாலையில் ஏனோக்குக்கு இருபத்திரண்டு வருட சர்வீஸ். ஸ்டோர்ஸ் அவர் பொறுப்பு. நட்டு, போல்ட்டிலிருந்து கட்டிங் ஆயில் வரை அவர் கையெழுத்து இல்லாமல் எதுவும் உள்ளே போகாது, வெளியே வராது. மெட்டுகுடாவில் வீடு. தாத்தா ரயில்வே வேலைக்காகத் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து செகந்தராபாத் வந்தவர். ஏனோக் ஞாயிற்றுக்கிழமை தமிழ்க் கிறிஸ்தவ சபையின் பாடகர் குழுவில் டெனர் குரல் பாடுவார். சபைக் கமிட்டியிலும் இருந்தார்.

முந்தைய வருடம் டென்மார்க் கம்பெனி ஒன்று தொழிற்சாலையை வாங்கியிருந்தது. பால் பண்ணைகளுக்கான ஸ்டீல் பம்ப்புகளை இனி இங்கிருந்து ஐரோப்பாவுக்கு அனுப்புவதாகத் திட்டம். அதை நடத்த வந்தவர் ஹென்னிங். நாற்பது வயது, ஆறடிக்கு மேல் உயரம். கம்பெனி கொடுத்த காரை வேண்டாமென்று சொல்லிவிட்டு ஹப்சிகுடாவிலிருந்து சைக்கிளில் வந்தார். கேண்டீனில் தொழிலாளிகளோடு வரிசையில் நின்றார். தட்டைத் தானே கழுவினார். "என்னை சார் என்று கூப்பிடாதீர்கள், ஹென்னிங் என்றால் போதும்" என்றார். பேர் சொல்லிக் கூப்பிட யாருக்கும் நாக்கு வரவில்லை. கடைசியில் 'ஹென்னிங் சார்' என்று ஒரு சமரசம் உண்டாயிற்று. மொத்தத்தில் எல்லோருக்கும் அவரைப் பிடித்திருந்தது.

2007-ல் தசராவுக்கு மூன்று வாரம் இருக்கும்போது ஹென்னிங் ஏனோக்கைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். ஆங்கிலத்தில்தான் பேச்சு.

"ஏனோக், ஆயுத பூஜை என்று ஒன்று வருகிறதாமே. லேத்துக்குப் பக்கத்தில் கற்பூரம் கொளுத்துவார்களாமே. அங்கே எவ்வளவு எண்ணெய் இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியும்."

"தெரியும் சார். பாத்துதான் செய்வாங்க."

"நீங்கள் கிறிஸ்தவர். அன்றைக்கு நீங்கள் என்ன செய்வீர்கள்?"

"ஓரமா நிப்பேன் சார்."

ஹென்னிங்கின் முகம் மாறியது. ஒரு மனிதன் தன் வேலையிடத்தில் வருடாவருடம் ஓரமாக நிற்க வேண்டியிருக்கிறது என்பது அவருக்கு வலித்தது. "அது உங்களுக்குக் கஷ்டமாக இல்லையா?"

"நோ ப்ராப்ளம் சார்."

"இந்த வருடம் அது இல்லாவிட்டால்? உங்களுக்கு ஆட்சேபணை உண்டா?"

ஏனோக் சிரித்தார். "நோ ப்ராப்ளம் சார்."

டீயில் சர்க்கரை போட மறந்துபோனாலும் இந்த ஊரில் அப்படித்தான் சொல்வார்கள். பஸ் ஒரு மணி நேரம் லேட்டாக வந்தாலும் அதுதான். எதிரில் இருப்பவரைச் சங்கடப்படுத்தாமல் பேச்சை முடித்துவைக்க ஒரு வழி, அவ்வளவுதான். ஹென்னிங் பிறந்த ஊரில் சொன்ன சொல்லுக்கு அந்தச் சொல்லின் அர்த்தம் மட்டும்தான். அவர் நோட்டுப் புத்தகத்தில் குறித்துக்கொண்டார்.

இரண்டு நாள் கழித்து நோட்டீஸ் போர்டில் ஒரு தாள் தொங்கியது. ஆங்கிலத்தில் ஒரு பக்கம், தெலுங்கில் ஒரு பக்கம். தீப்பாதுகாப்பு கருதி இனிமேல் ஷெட்டுக்குள் எந்த மதச் சடங்கும் கிடையாது என்று முதல் பத்தி. இரண்டாவது பத்தி இப்படி இருந்தது: 'திரு. ஏனோக், திரு. அப்துல் ரஹீம் போன்ற பிற மத ஊழியர்களின் உணர்வுகளை மதிக்கும் வகையிலும், கலந்தாலோசித்த பிறகும், இந்த முடிவு எடுக்கப்பட்டுள்ளது.'

ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் அப்துல் ரஹீம் நேராக ஸ்டோர்ஸுக்கு வந்துவிட்டார். "ஏனோக் பாய், என்னய யாரு கேட்டா? கைக்கு, எதுக்கு என் பேரப் போட்டாங்க? வருஷா வருஷம் என் வண்டிச் சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வாங்கிட்டு வர்றதே நான்தானே!"

"எனக்கும் தெரியாது ரஹீம் பாய்."

"உங்களக் கேட்டாங்களா?"

ஏனோக் ஸ்டாக் புத்தகத்தைத் திறந்தார். ரஹீம் அவரைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

யாதகிரி ஒன்றும் கேட்கவில்லை. அதுதான் ஏனோக்கை அதிகம் உறுத்தியது. யாதகிரி லேத் பிரிவின் மூத்த ஆபரேட்டர். இருவரும் ஒரே மாதத்தில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். மத்தியானச் சாப்பாடு இருபத்திரண்டு வருடமாக ஒரே மேஜையில். நோட்டீஸ் வந்த அன்று யாதகிரி தன் டிபன் டப்பாவைத் தூக்கிக்கொண்டு வெளியே வேப்பமரத்தடிக்குப் போய்விட்டார். ஏனோக் தனியாகச் சாப்பிட்டார். மறுநாளும் அப்படியே.

ஆயுத பூஜை நாள் வேலை நாளாகவே கழிந்தது. அன்று சாயங்காலம் ஏனோக் ஸ்டோர்ஸைப் பூட்டாமல் ஆறரை வரை உட்கார்ந்திருந்தார். வழக்கமாக அந்த நேரத்துக்கு யாதகிரி ஒரு பொட்டலத்தோடு வருவார். புளியோதரை, சுண்டல், ரவை லட்டு. சாமிக்குப் படைத்ததை ஏனோக் சாப்பிடமாட்டார் என்று முதல் வருடமே யாதகிரிக்குத் தெரிந்துபோனது. ஏன், எதற்கு என்று கேட்கவில்லை. அடுத்த வருடத்திலிருந்து அவர் மனைவி புஷ்பா படைப்பதற்கு முன்னாலேயே ஒரு பங்கைத் தனியாக எடுத்துக் கட்டி வைத்துவிடுவாள். அதைப் பற்றி அவர்கள் இருவரும் ஒரு வார்த்தை பேசியதில்லை. அந்த வருடம் பொட்டலம் வரவில்லை. ஏனோக் பூட்டிவிட்டுக் கிளம்பினார்.

தசரா விடுமுறை முடிந்து செவ்வாய்க்கிழமை புது லேத்தை ஓட்டுவதாக ஏற்பாடு. டென்மார்க்கிலிருந்து பெட்டியில் வந்த, கம்ப்யூட்டர் வைத்த மெஷின். நவம்பர் கடைசிக்குள் நானூறு பம்ப் உறைகள் கப்பல் ஏற வேண்டும். அந்த மெஷினை நம்பித்தான் ஆர்டரே எடுத்திருந்தார்கள்.

செவ்வாய்க்கிழமை ஆபரேட்டருக்கு வயிற்று வலி. புதன்கிழமை வேறொருவர் வந்தார். பத்து நிமிடம் மெஷினைச் சுற்றி வந்துவிட்டு, கூலன்ட் எண்ணெய் வாடை சரியில்லை, செக் பண்ண வேண்டும் என்றார். வியாழக்கிழமை கதவு சரியாக மூடவில்லை. வெள்ளிக்கிழமை ஏதோ சத்தம் கேட்டது. ஹென்னிங் காதை வைத்துக் கேட்டார். சத்தம் இல்லை. எல்லோரும் மிகுந்த மரியாதையோடு தலையசைத்தார்கள். மற்ற பழைய மெஷின்கள் எல்லாம் எப்போதும்போல ஓடின. யாரும் கோஷம் போடவில்லை, யாரும் முடியாது என்று சொல்லவில்லை.

ஹென்னிங் கோளாறு என்றே நம்பினார். தலைமை அலுவலகத்துக்கு எழுதினார். டென்மார்க்கிலிருந்து ஒரு டெக்னீஷியன் விமானம் ஏறி வந்தான். மூன்று நாள் மெஷினைப் பிரித்துப் பார்த்துவிட்டு, தானே ஆறு உறைகளைக் கடைந்து காட்டினான். எல்லோரும் கை தட்டினார்கள். யாதகிரிகூடத் தட்டினார். டெக்னீஷியன் சந்தோஷமாக ஊருக்குப் போனான். மறுநாள் காலை ஆபரேட்டரின் மைத்துனிக்குக் கல்யாணம்.

இதற்குள் தீபாவளியும் போய்விட்டது. ஒரு சாயங்காலம் சைக்கிள் ஸ்டாண்டில் ஏனோக் யாதகிரியை வழிமறித்தார். அவர்கள் தெலுங்கில்தான் பேசிக்கொள்வார்கள்.

"யாதகிரி, ஏன் இப்படி? கப்பலுக்கு நாள் நெருங்குதுப்பா."

யாதகிரி சைக்கிள் பூட்டைத் திறந்துகொண்டே சொன்னார்: "நான் என்ன செய்றேன்? மெஷின் சரியில்ல."

"எங்கிட்டயுமா?"

யாதகிரி நிமிர்ந்தார். "அன்னா, இருபத்திரண்டு வருஷம் எங்ககூட நின்னியே. அது உனக்கு அவ்வளவு அசிங்கமா இருந்துச்சுன்னா எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே. நானே நிறுத்தியிருப்பேன். ஒரு வெளிநாட்டுக்காரன்கிட்ட போயி சொல்லணுமா?"

"நான் அப்படிச் சொல்லல."

"போர்டுல உன் பேர் இருக்கு கதா, இருக்குல்ல?"

யாதகிரி சைக்கிளைத் தள்ளிக்கொண்டு இரண்டடி போய்விட்டுத் திரும்பினார். "தொண்ணூத்தி நாலுல அந்தப் பிரஸ்ஸ அவசர அவசரமா ஓட்டினோமே, பூஜை போடாம. ஜகதீசன் விரல் ரெண்டு போச்சே. மறந்துட்டியா? அந்த மெஷின்ல கை வைன்னு எந்தப் பையன்கிட்ட நான் சொல்லுவேன்? வருஷத்துல ஒரு நாள்தான் எங்க வீட்டுப் பொம்பளைங்க, பிள்ளைங்க உள்ள வந்து நாங்க நிக்கிற இடத்தப் பாக்குறது. அதுவும் போச்சு."

ஏனோக் அன்று வீட்டுக்கு வந்து சட்டையைக்கூட மாற்றவில்லை. மனைவி ஜெயசுந்தரி தட்டை வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள். ஒன்றரை மாதமாக அவர் முகம் சரியில்லை என்பதை அவள் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். ஏனோக் எல்லாவற்றையும் சொன்னார்.

"பூஜை இல்லாட்டி பரவால்லயான்னு கேட்டாரு. நோ ப்ராப்ளம்னேன்."

"கைக்கு அப்டி சொன்னீங்க?"

"பின்ன என்னன்னு சொல்றது? பெரிய ஆபீசரு, முகத்துக்கு நேரா கேக்குறாரு."

மகள் பிளெசி மாதாப்பூரில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை பார்த்தாள். தமிழ் புரியும். பதில் வேறு பாஷையில்தான் வரும். லேப்டாப்பிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள்: "டாடி, ஆப் நே நோ ப்ராப்ளம் போலா, உன்ஹோனே வைசாஹீ சுன் லியா. பஸ்." நீங்கள் சொன்னதை அவர் அப்படியே கேட்டுக்கொண்டார், அவ்வளவுதான் என்றாள். வெளிநாட்டுக் கிளையன்ட்டோடு எப்படிப் பேசுவது என்று அவர்களுக்கு இரண்டு நாள் வகுப்பு நடந்ததாம். முதல் பாடமே 'நோ ப்ராப்ளம்' சொல்லாதே என்பதுதானாம்.

"அவருக்கு அப்டி வகுப்பு எதும் வெச்சாங்களா? நம்மகிட்ட எப்டி பேசணும்னு?" என்று ஜெயசுந்தரி கேட்டாள்.

பிளெசி முதல்முறையாகத் தலையைத் தூக்கினாள். "நஹீ மம்மி. ஐ டோண்ட் திங்க் ஸோ."

ஏனோக் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். "நாளைக்குப் போயிச் சொல்லலாம்னு பாக்குறேன். ஆனா நான் சபைக் கமிட்டில இருக்குறவன். மெஷினுக்குப் பூஜை போடுங்கன்னு நானே போயி நிக்கிறதா?"

"நீங்க பூஜை போடப் போறீங்களா? நக்கோ, நீங்க போட வேணாம். அவங்கள போட விடுங்கன்னு சொல்லப் போறீங்க. ரெண்டும் ஒண்ணா?" ஜெயசுந்தரி மீன் குழம்பை அவர் தட்டில் ஊற்றினாள். "யாதகிரி பொண்டாட்டி உங்களுக்காகத் தனியா எடுத்து வெச்சாளே, அவ சாமி அவளக் கோச்சுக்கிச்சா?"

மறுநாள் காலை ஹென்னிங் சைக்கிளை நிறுத்தும்போதே ஏனோக் போய் நின்றார். அறைக்குள் போனதும் கதவைச் சாத்தினார். உட்காரச் சொன்னபோது உட்காரவில்லை. நின்றபடியே சொன்னால்தான் சொல்ல வரும் என்று தோன்றியது.

"சார், மெஷின் நல்லாதான் இருக்கு."

"தெரியும். பிறகு ஏன் ஓடவில்லை?"

ஏனோக் சொன்னார். ஜகதீசனின் விரல்களைப் பற்றிச் சொன்னார். பூஜைக்கு முந்தைய நாள் ஒவ்வொருவனும் தன் மெஷினைத் தானே துடைத்து, கிரீஸ் போட்டு, பெயர் வைக்காத குழந்தையைப் போலத் தட்டிக் கொடுப்பதைச் சொன்னார். குடும்பங்கள் வருவதைச் சொன்னார். ரஹீமின் எலுமிச்சம்பழத்தைச் சொன்னார். கடைசியாகப் பொட்டலத்தைச் சொன்னார்.

"ஓரமா நிக்கிறேன்னு சொன்னது நிஜம் சார். ஆனா அந்த ஓரம் எனக்குன்னு அவங்க விட்டுவெச்ச இடம். யாரும் என்னத் தள்ளல."

ஹென்னிங் நாற்காலியைத் திருப்பினார். ஜன்னல் வழியாக ஷெட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "நான் உங்களைக் காப்பாற்றுவதாக நினைத்தேன்" என்றார்.

"தெரியும் சார்."

"ஆனால் நான் கேட்டேனே ஏனோக். இரண்டு முறை கேட்டேன். நீங்கள் நோ ப்ராப்ளம் என்றீர்கள்."

"அது என் தப்பு."

"அப்படியானால் நீங்கள் அதைச் சொல்லும்போது எனக்கு எப்படித் தெரியும்?"

ஏனோக் யோசித்தார். இதுவரை யாரும் அவரிடம் அந்தக் கேள்வியைக் கேட்டதில்லை. "உக்கார வெச்சு, ஒரு டீ குடுத்து, அப்புறம் கேளுங்க சார். நின்னுக்கிட்டு இருக்கிறவன் சீக்கிரமா வெளிய போகணும்னு எதையாச்சும் சொல்லிருவான்."

ஹென்னிங் சிரித்துவிட்டார். சிரித்துக்கொண்டே எழுந்தார். நோட்டீஸ் போர்டுக்குப் போய் அந்தத் தாளைத் தன் கையாலேயே எடுத்தார். பிறகு நேராக லேத் பிரிவுக்கு நடந்தார். ஏனோக் பின்னாலேயே ஓட வேண்டியிருந்தது. யாதகிரிக்கு முன்னால் நின்று, ஏனோக்கைத் தெலுங்கில் சொல்லச் சொல்லி, ஹென்னிங் பேசினார்: "ஏனோக் உங்களைப் பற்றி எந்தப் புகாரும் சொல்லவில்லை. ரஹீமிடம் நான் கேட்கவே இல்லை. இவர் மரியாதைக்குச் சொன்ன ஒரு வார்த்தையை நான் சம்மதம் என்று எழுதிக்கொண்டேன். தவறு என்னுடையது. இந்த மெஷினுக்கு என்ன செய்ய வேண்டுமோ, செய்யுங்கள். நெருப்பு எங்கே வைப்பது என்பதை மட்டும் இருவரும் சேர்ந்து முடிவு செய்வோம்."

ஏனோக் தன் பெயர் வந்த இடத்தை மொழிபெயர்க்கும்போது யாதகிரியின் முகத்தைப் பார்க்கவில்லை. யாதகிரி கையிலிருந்த எண்ணெய்த் துணியை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். "வெள்ளிக்கிழமை நல்ல நாள்" என்று மட்டும் சொன்னார்.

வெள்ளிக்கிழமை ஷெட் நிறையக் குடும்பங்கள். புது லேத்துக்கு மஞ்சள், குங்குமம், சாமந்தி மாலை. கற்பூரத்தட்டை எண்ணெய் டிரம்மிலிருந்து இருபது அடி தள்ளி வைத்தார்கள். அந்த இருபது அடியை ஹென்னிங் டேப் வைத்து அளந்தார். பூஜை முடியும்வரை சிவப்புத் தீயணைப்பு சிலிண்டரைக் கையில் பிடித்தபடி, ஏனோக்குக்குப் பக்கத்தில் நிமிர்ந்து நின்றார். புஷ்பா குங்குமக் கிண்ணத்தோடு வரிசையாக ஒவ்வொரு மெஷினுக்கும் பொட்டு வைத்துக்கொண்டு வந்தாள். ஹென்னிங் முன்னால் வந்து ஒரு நிமிடம் தயங்கினாள். பிறகு அவர் கையிலிருந்த சிலிண்டருக்கு ஒரு பொட்டு வைத்துவிட்டு நகர்ந்தாள். ஷெட்டே சிரித்தது. ஹென்னிங் காது வரை சிவந்துபோனார். கேட்டுக்கு வெளியே பூசணிக்காய் உடைத்தபோது மட்டும் அவரால் பொறுக்க முடியவில்லை. சைக்கிள்காரர்கள் வழுக்கி விழுவார்களே என்று துண்டுகளைப் பூட்ஸ் காலால் ஓரமாகத் தள்ளிவிட்டு வந்தார்.

யாதகிரி பச்சைப் பொத்தானை அழுத்தினார். மெஷின் ஒரு முனகலோடு கிளம்பிச் சீராக ஓடியது. அன்று சாயங்காலத்துக்குள் பன்னிரண்டு உறைகள்.

வேலை முடிந்து ஏனோக் ஸ்டோர்ஸ் கதவைப் பூட்டும்போது பின்னால் யாரோ நிற்பது தெரிந்தது. யாதகிரி. சட்டைப் பையிலிருந்து மணிபர்ஸை எடுத்து, அதற்குள்ளிருந்து காய்ந்து சுருண்ட சில இலைகளை எடுத்தார். ஜம்மி இலை, வன்னி இலைதான். தசரா அன்று அதைத் தங்கம் என்று சொல்லி வேண்டியவர்கள் கையில் கொடுத்துக் கட்டித் தழுவிக்கொள்வது அந்தப் பக்கத்து வழக்கம்.

"தசரா போயி ஒரு மாசம் ஆகப் போகுது யாதகிரி."

"அன்னைக்கே உனக்குன்னு எடுத்து வெச்சேன். கொடுக்க மனசு வரல. தூக்கிப் போடவும் மனசு வரல." யாதகிரி இலைகளை ஏனோக்கின் உள்ளங்கையில் வைத்து மூடினார். பிறகு வலப்பக்கம் ஒரு தடவை, இடப்பக்கம் ஒரு தடவை கட்டிக்கொண்டார். இருவர் சட்டையிலும் ஒரே எண்ணெய் வாடை.

"நான் உங்கிட்ட முதல்லயே வந்து சொல்லியிருக்கணும்" என்றார் ஏனோக்.

"நானும் கேட்டிருக்கணும். விடு."

ஆனால் போன மூன்று வாரம் போனதுதான். ஞாயிற்றுக்கிழமையும் ஓட்டிப் பார்த்தார்கள். அப்படியும் நானூறு உறைகள் பத்தொன்பது நாள் தாமதமாகத்தான் கப்பல் ஏறின. அடுத்த ஆர்டரில் பாதியைத் தலைமை அலுவலகம் போலந்தில் இருந்த இன்னொரு தொழிற்சாலைக்குக் கொடுத்துவிட்டது. மார்ச் வரை ஓவர்டைம் கிடையாது என்று ஆயிற்று. ஹென்னிங் அதைக் கேண்டீனில் எல்லோர் முன்னாலும் சொன்னார். தன் தவறால் வந்த நஷ்டம் என்று வெளிப்படையாகச் சொன்னார். பெரிய அதிகாரி ஒருவர் அப்படி நின்று சொல்வதை யாராலும் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. பாதிப் பேர் தரையைப் பார்த்தார்கள். யாதகிரி எழுந்து, "போதும் சார், எங்க பேர்லயும் தப்பு இருக்கு. சாப்பாடு ஆறுது, உக்காருங்க" என்றார். ஏனோக் மொழிபெயர்க்கும் முன்பே ஹென்னிங் உட்கார்ந்துவிட்டார்.

அதற்குப் பிறகு ஹென்னிங் எதையும் கேட்காமல் செய்வதில்லை என்று முடிவு செய்துகொண்டார். கேண்டீன் சுவருக்கு எந்த வண்ணம் அடிப்பது, மணியை மாற்றலாமா, வேப்பமரக் கிளையை வெட்டலாமா, ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொருவரையாகக் கூப்பிட்டு, உட்கார வைத்து, டீ கொடுத்துக் கேட்டார். டிசம்பரில் ஒரு நாள் யாதகிரி அந்த அறையில் முக்கால் மணி நேரம் உட்கார்ந்துவிட்டு வந்தார்.

"என்னவாம்?" என்று ஏனோக் கேட்டார். இருவரும் கேட்டுக்கு எதிரிலிருந்த டீக்கடையில் நின்றிருந்தார்கள்.

"கிறிஸ்துமஸுக்குக் கேண்டீன்ல நட்சத்திரம் கட்டலாமா, யாருக்காவது மனசு கஷ்டப்படுமான்னு அரைகுறைத் தெலுங்குல கேக்குறாரு. கட்டுங்க சார்னேன். நெஜமாவான்னாரு. நெஜமான்னேன். இன்னொரு டீ குடுத்து மறுபடி கேக்குறாரு. இன்னைக்கு இது நாலாவது டீ அன்னா, வயித்தக் கலக்குது."

ஏனோக்குக்குச் சிரிப்பில் புரையேறியது. யாதகிரி அவர் முதுகில் தட்டிக் கொடுத்தார். உப்பல் பஸ் வந்துகொண்டிருந்தது. யாதகிரியின் சைக்கிள் பஞ்சராகிக் கிடந்ததால் அன்றைக்கு இருவரும் அந்த பஸ்ஸிலேயே ஏறினார்கள்.